ஏழாம் குழாய்

ஜூன் 12, திங்கள்

பன்னிரண்டு குழாய்களும் இன்று மதியத்தோடு உள்ளே போய்விட்டன. நான்காம் குவியலின் மேற்கு முகத்தில், மார்பளவு உயரத்தில், எட்டடிக்கு ஒன்றாக நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் நான்கு மீட்டர் நீளம். வெளியே தெரிவது ஒரு சாண்தான். கஸ்பார் அண்ணன் கரி தள்ளும் டோசரால் மெல்ல மெல்லத் தள்ளிக் கொடுத்தார். இருபது டன் இயந்திரம் அவர் கையில் அவ்வளவு பணிவாக இருக்கிறது. "டாக்டரம்மா, இன்னும் ஒரு இஞ்சு போகணுமா?" என்று ஒவ்வொரு குழாய்க்கும் கேட்டார். நான் இன்னும் டாக்டர் ஆகவில்லை என்று மூன்று முறை சொன்னேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இந்த யார்டு தூத்துக்குடிக்கு வெளியே, உப்பளங்களைத் தாண்டி இருக்கிறது. கப்பலில் வரும் நிலக்கரியை மலையாகக் குவித்து, லாரி லாரியாக ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள். குவித்த கரி சும்மா கிடக்காது. காற்று பட்டால் தானே சூடேறும். கவனிக்காமல் விட்டால் தானே தீப்பிடிக்கும். அந்தத் தீ வெளியே தெரியாது. உள்ளேயே தின்று பொந்தாக்கிவிடும். அதனால் அறுபது டிகிரியைத் தாண்டிய குவியலின் மேல் எந்த வண்டியும் ஏறக்கூடாது என்பது இங்கே விதி.

என் ஆய்வும் அதைப் பற்றித்தான். "நுண்துளை ஊடகங்களில் கொந்தளிப்போட்டமும் வெப்பக் கடத்தலும்." அம்மா இதைக் கல்யாணத் தரகரிடம் சொல்ல முயன்று இரண்டாவது சொல்லிலேயே கைவிட்டாள். விஷயம் எளிது. ஊதினால் கஞ்சி ஆறும். ஊதினால் அடுப்பும் எரியும். குவியலுக்குள் நுழையும் காற்று இரண்டில் எதைச் செய்கிறது என்று ஐந்து வருடமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். கச்சான் காற்று மேற்கேயிருந்து பலமாக அடித்தால், அது கரித்துண்டுகளுக்கு இடையே சுழன்று மோதி வெப்பத்தை அள்ளிக்கொண்டு போய்விடும், குவியல் ஆறும் என்பது என் கணக்கு. என் நெறியாளர் ஜெயசீலன் சாருக்கு நிஜக் குவியலில் எடுத்த அளவு வேண்டும். ஜூலை 20 ஆய்வுக்குழு கூடுவதற்குள் வேண்டும்.

யார்டு மேனேஜர் ரத்தினபாண்டி ஒரே ஒரு நிபந்தனையோடு அனுமதி கொடுத்தார். தினமும் வெப்ப அளவை அவருடைய படிவத்தில் நிரப்பி நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் போயிற்று.

ஜூன் 13

பன்னிரண்டு கம்பி கேட்டேன், கல்லூரி ஒன்றே ஒன்றுதான் வாங்கிக் கொடுத்தது. வெப்பம் அளக்கும் அந்த ஒரே கம்பியை ஒவ்வொரு குழாயிலும் விட்டு, குழாய் வாயைத் துணியால் பொத்தி, ஐந்து நிமிடம் காத்திருந்து, அளவு எழுதி, கம்பியை உருவி, மறுபடி குழாய் வாயைக் களிமண்ணால் அடைக்க வேண்டும். காலை ஆறு மணிக்கு ஒரு தடவை, மாலை நாலு மணிக்கு ஒரு தடவை.

களிமண் பக்கத்து உப்பளத்து வரப்பிலிருந்து வருகிறது. உப்பு ஊறிய மண். விரல் இடுக்கெல்லாம் எரிகிறது. காலை அளவுக்கு இரண்டேகால் மணி நேரம் ஆனது. மூக்கு, காது, கண் இமை எல்லாம் கரி.

அளவு: 44 முதல் 47 வரை.

ஜூன் 16

46 முதல் 51. ஏறுகிறது. குறைய வேண்டும் என்பது என் கணக்கு. இன்னும் காற்று பலமாகவில்லை, அதுதான் காரணம்.

கையில் வெடிப்பு. சோற்றில் கை வைக்க முடியவில்லை, ஸ்பூனால் சாப்பிட்டேன். மெஸ் அக்கா என்னைப் பெரிய இடத்துப் பெண் என்று நினைத்துக்கொண்டார்.

ஜூன் 18

48 முதல் 54. ஏழாம் குழாய்தான் 54. ஜெயசீலன் சாரிடம் போனில் சொன்னேன். "ஏம்மா ஏறுது? உன் சமன்பாடு இறங்கணும்னுல்ல சொல்லுது?" என்றார். எனக்குத் தெரியாதா?

ஜூன் 19

கச்சான் பிடித்துவிட்டது. அடைக்கிற களிமண் காய்ந்து குழாய் வாயிலேயே பொடியாகிப் பறக்கிறது. இன்று காலை அளவு ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்தது. இனி இப்படித்தான். கை கொஞ்சம் ஆறட்டும்.

ஜூன் 20

42 முதல் 45. இறங்கிவிட்டது!

ஜூன் 22

40, 41, 40, 39. பன்னிரண்டும் அப்படியே. வரைபடத்தில் புள்ளி வைத்தால் என் சமன்பாட்டின் கோட்டின் மேலேயே உட்காருகின்றன. சாருக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அவரே கூப்பிட்டார். "வடிவு, ரொம்ப அருமையா வந்திருக்கும்மா. இத மட்டும் இன்னும் ரெண்டு வாரம் எடுத்துட்டு வந்துரு, குழு வாயத் திறக்காது." ஐந்து வருடத்தில் அவர் என்னிடம் "அருமை" என்று சொன்னது இதுதான் முதல் தடவை. பஸ் ஸ்டாண்டில் ஒரு பாதாம்பால் வாங்கிக் குடித்தேன்.

 

ஜூன் 24, சனி

கஸ்பார் அண்ணன் டோசரை நிறுத்திவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார். காற்றை இரண்டு மூன்று தடவை இழுத்துப் பார்த்தார்.

"மண்ணெண்ண வாடை அடிக்கி. உங்க மீட்டர் என்ன சொல்லுது?"

"நாற்பத்தொண்ணுண்ணே."

"நல்லாப் பாத்தியளா?"

"பன்னெண்டு குழாயும் பாத்தாச்சு."

அவர் குவியலின் உச்சியைப் பார்த்தார். பத்தொன்பது வருடமாகக் கரி மேல் வண்டி ஓட்டுகிறாராம். கரி உள்ளே வேகத் தொடங்கினால் முதலில் மண்ணெண்ணெய் வாடை வரும் என்பது இங்கே டீக்கடைக்காரர் வரைக்கும் தெரியும். டோசருக்கே ஒரு வாடை உண்டு, டீசல் வாடை. அதுவாக இருக்கும் என்றேன். இருக்கலாம் என்றார்.

ஜூன் 26

அடுத்த கப்பலுக்கு இடம் வேண்டும். நான்காம் குவியலின் மேலே ஏறி, கரியை மிதித்து அழுத்தி, இன்னும் உயரமாக்கச் சொல்லியிருக்கிறார்கள். கஸ்பார் அண்ணன் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ரத்தினபாண்டி அவரை எல்லோர் முன்னாலும் அறிவிப்புப் பலகைக்குக் கூட்டிப்போய், என் படிவத்தின் மேல் விரலை வைத்தார்.

"மேடம் அளந்து கையெழுத்துப் போட்டு நாப்பத்தொண்ணுன்னு ஒட்டிருக்கு. ஒம் மூக்குல எத்தன டிகிரிய்யா ஒட்டிருக்கு?"

சிரித்தார்கள். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். சிரிக்கவில்லை. சிரிக்கவேண்டாம் என்றும் சொல்லவில்லை. அண்ணனுக்கு மெமோ கொடுத்துவிட்டார்கள்.

ஜூன் 28

காலை அளவு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தேன். கஸ்பார் அண்ணன் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

"கம்பெனி சொல்லுதுன்னு நான் ஏற மாட்டேன். மெமோ குடுத்தாலும் சரி, சட்டையக் கழட்டச் சொன்னாலும் சரி. நீங்க சொல்லுங்க. நீங்க கள்ளக்கணக்கு எழுத மாட்டிய. ஏறலாமா, கூடாதா?"

என் கணக்கு ஏறலாம் என்கிறது. அளவும் ஏறலாம் என்கிறது. இரண்டும் ஒன்றாக இருக்கும்போது வேறென்ன சொல்ல முடியும்?

"ஏறலாம்ணே."

"சரி. அவ்ளோதான்."

பத்து மணிக்கு வண்டியை மேலே ஏற்றினார். நான் சாயங்காலம் வரை நிழலில் உட்கார்ந்து அந்த வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தைத் திருத்தியிருக்க வேண்டிய நாள் அது.

ஜூலை 1

ஒன்றும் ஆகவில்லை. நான்கு நாளாக ஏறி இறங்குகிறார். 40, 40, 41.

ஜூலை 2, ஞாயிறு

அம்மா போன் செய்தாள். "ஏட்டி, கொரலு ஏன் இப்பிடி இருக்கு?" என்றாள். கரித்தூசி என்றேன். மாப்பிள்ளை வீட்டில் தலைப்பை மறுபடி கேட்டார்களாம். காற்றைப் பற்றிப் படிக்கிறாள் என்று சொல்லிவிட்டாளாம்.

ஜூலை 5

அண்ணனின் வண்டிக்கு இன்று வலது சங்கிலித் தடம் இரண்டு விரற்கடை இறங்கியதாம். "கரி எளகிக் கெடக்கு, அமுக்கினா சரியாயிரும்" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஜூலை 7

காலை ஐந்தே முக்காலுக்குப் போனபோது கிழக்குச் சரிவின் உச்சியில் மெல்லியதாக ஆவி. காற்றுக்கு எதிர்ப்பக்கம். வெயில் வந்ததும் தெரியாமல் போய்விட்டது. இராத்திரி தூறல் போட்டிருக்கும், ஈரம் ஆவியாகிறது என்று முதலில் நினைத்தேன். காவலாளியிடம் கேட்டேன். தூறல் இல்லையாம்.

அறைக்கு வந்து மே மாதம் நானே போட்ட குழாய் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் என் கையெழுத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது, அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். படித்தேன். மடித்து வைத்துவிட்டேன்.

ஜூலை 8

மாலை அளவு முடிந்ததும் உப்பளத்துக்கு நடந்துபோய் ஒரு சட்டி களிமண் எடுத்து வந்தேன். ஏழாம் குழாயை மட்டும் அடைத்தேன். சும்மா, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு.

ஜூலை 9, ஞாயிறு

ஏழாம் குழாய் 94.

மற்ற பதினொன்றும் 40, 41.

கம்பியில் ஏதோ கோளாறு. டீக்கடையில் கொதிக்கும் பாத்திரத்தில் கம்பியை விட்டுப் பார்த்தேன். கடைக்காரர் ஒருமாதிரி பார்த்தார். 99 காட்டியது. மோர் வாங்கி அதில் விட்டேன். 27. கம்பியில் கோளாறு இல்லை.

அடைப்பை எடுத்துவிட்டேன். மாலை ஏழாம் குழாய் 42. படிவத்தில் 42 என்று எழுதினேன். அளந்த அளவுதானே.

ஆய்வுக்குழு கூட இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. ஒரே ஒரு அளவை வைத்து எதையும் சொல்லக்கூடாது என்று நான்தான் ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பேன். இன்னும் இரண்டு நாள் பார்த்துவிட்டுச் சாரிடம் பேசுகிறேன்.

ஜூலை 10

கஸ்பார் அண்ணன் டீ வாங்கிக் கொடுத்தார். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து அவர் மகளுக்கு நர்ஸிங் சீட் கிடைத்ததைச் சொன்னார். கால் மணி நேரம் இருந்தோம். அவர் குவியலைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை. பிறகு அவர் எழுந்து போய் வண்டியை மேலே ஏற்றினார்.

ஜூலை 11

கஸ்பார் அண்ணனின் டோசர் உள்ளே இறங்கிவிட்டது.

ஜூலை 13

எழுத முடியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

பத்தரை மணி இருக்கும். உச்சியில் வண்டியின் இடது பக்கம் சாய்ந்தது. சத்தமே இல்லை. கரி வழிவிட்டது, அவ்வளவுதான். அடியில் வீட்டு அறை அளவுக்குப் பொந்து. மேல்தோடு உடைந்து காற்று உள்ளே போனதும் செக்கச்செவேலென்று எரிந்தது. அண்ணன் குதித்துவிட்டார். குதித்த இடமும் தணல்தான். கால் இரண்டும் முழங்கால் வரை உள்ளே போய்விட்டன. இரண்டு பேர் பெல்ட்டை நீட்டி இழுத்தார்கள். நான் கீழே குழாய் வரிசைக்குப் பக்கத்தில் கம்பியோடு நின்றேன்.

பொந்து ஏழாம் குழாயின் முனைக்கு நேர் மேலே இருக்கிறது.

ஜூலை 14

குவியலை இரண்டு இயந்திரங்கள் வைத்துப் பிரித்துப் பரப்பிவிட்டார்கள். குழாய்களைப் பிடுங்கி இரும்புக்கடை லாரியில் போட்டார்கள். ஆறும் ஏழும் எட்டும் வளைந்திருந்தன. எது எந்த எண் என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. ரத்தினபாண்டிகூட "நீங்க பாவம் மேடம், வீட்டுக்குப் போயி ரெஸ்ட் எடுங்க" என்கிறார். அது ஏன் என்று சாயங்காலம் தெரிந்தது. விசாரணை அதிகாரி ஆஸ்பத்திரிக்குப் போய் அண்ணனிடம் வாக்குமூலம் வாங்கியிருக்கிறார். "அந்த மேடம் ஏறாதீங்கன்னு சொன்னாங்க. நாந்தான் கேக்காம ஏறினேன்" என்று அண்ணன் சொல்லியிருக்கிறார்.

அப்படி நான் சொல்லவில்லை.

ஜூலை 15

ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு காலும் துணிச் சுற்றுக்குள். வலது பாதம் நிற்குமா என்று திங்கட்கிழமைதான் தெரியுமாம்.

அவர் மனைவி லில்லி அக்காவை முதல் தடவையாகப் பார்த்தேன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே அண்ணனைத் திட்டினார். "இந்தப் பிள்ள படிச்சுப் படிச்சுச் சொல்லிருக்கு. கேட்டியளா? பொம்பளப் பிள்ள சொல்லி நாம என்ன கேக்கதுன்னு ஒரு இது. இப்பம் கெடங்க." பிறகு எனக்கு நாற்காலி போட்டு, பிளாஸ்கிலிருந்து ஹார்லிக்ஸ் ஊற்றிக் கொடுத்தார். குடித்தேன். முழு டம்ளரும் குடித்தேன். நான் எப்படிப்பட்டவள் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

லில்லி அக்கா மாத்திரை வாங்கப் போனதும், "ஏண்ணே அப்பிடிச் சொன்னிய?" என்று கேட்டேன்.

"வேற என்ன சொல்ல? பத்தொம்பது வருசமா மூக்க நம்பி ஏறுனவன். அன்னைக்கு மூக்கு சொன்னத உட்டுட்டு ஏறுனேன். அது என் தப்புதான? நீங்க மீட்டர் காட்டுனதச் சொன்னிய. மீட்டரு பொய் சொன்னா நீங்க என்ன செய்விய?" மூச்சு வாங்கியது. "இருவதாந் தேதி பெரிய பரீச்ச இருக்குன்னு சொன்னியல்லா. இதுல போயி உங்க பேரு எதுக்கு?"

மீட்டர் பொய் சொல்லவில்லை. அவரிடம் அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். லில்லி அக்கா வந்துவிட்டார்.

லில்லி அக்கா இல்லையென்றாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

ஜூலை 16

ஜெயசீலன் சார் கூப்பிட்டார். விபத்து வரை எடுத்த அளவே போதும் என்றார். "அந்த ஆபரேட்டரே நீ எச்சரிச்சேன்னு சொல்லிருக்கார்ல. அதையும் முடிவுரைல ஒரு வரி சேத்துக்கோ. நடைமுறைப் பயன்னு வரும்." அவர் கெட்டவர் இல்லை. அவருக்குத் தெரியாது.

 

ஜூலை 17

வலது பாதத்தை எடுத்துவிட்டார்கள்.

ரத்தினபாண்டி பலகையில் ஒரு கடிதம் ஒட்டியிருக்கிறார். எச்சரிக்கையை மீறி வண்டியை ஏற்றியதால் ஆபரேட்டர் கஸ்பார் பணியிலிருந்து நீக்கப்படுகிறார். அதற்குப் பக்கத்தில் என் கடைசிப் படிவம் இன்னும் தொங்குகிறது.

ஜூலை 18

விசாரணை அதிகாரி என் வாக்குமூலத்தையும் ஆஸ்பத்திரியில்தான் எடுத்தார். அண்ணனின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, மடியில் பலகை வைத்துக்கொண்டு எழுதுகிற மனிதர். கண்ணாடி மூக்கு நுனியில் இருந்தது. லில்லி அக்கா அண்ணனின் தலைமாட்டில் நின்றார். அண்ணனின் வாக்குமூலத்தை அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார்.

"இது சரிதானம்மா? சரின்னா கீழ கையெழுத்துப் போட்டா போதும். உங்க வேல முடிஞ்சது."

லில்லி அக்கா எனக்காகத் தலையாட்டினார்.

"இல்ல சார்" என்றேன். "ஏறலாம்னு நான்தான் சொன்னேன்."

"தங்கச்சி, சும்மா இரி" என்றார் அண்ணன்.

நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி தொடங்க மாட்டேன் என்று தெரியும். ஜூன் 19-ஆம் தேதியிலிருந்து குழாய் வாய்களை நான் அடைக்கவில்லை என்றேன். அடைக்காவிட்டால் அளவு பொய்யாகும் என்று குழாய் வரைபடத்தின் ஓரத்தில் நானே இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தேன். கை எரிந்தது, நேரம் ஆனது, விட்டுவிட்டேன். திறந்த குழாய் வழியாக கச்சான் உள்ளே போய் கம்பியை ஆற்றியது. அதனால்தான் 40 காட்டியது. கம்பியைத்தான் ஆற்றியது, குவியலை இல்லை. அதே காற்று குழாய் முனையில் கசிந்து, வேகம் அடங்கி, கரிக்குள் மெல்லப் பரவி நெருப்பை ஊதிக்கொண்டிருந்தது. ஆற்றுவதற்கு அது போதாது, எரிப்பதற்குப் போதும். பன்னிரண்டு ஊதுகுழல்களை வரிசையாகச் செருகிவிட்டு, ஆறுகிறது, ஆறுகிறது என்று மூன்று வாரம் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அதிகாரி பேனாவை எடுத்தார். "மெதுவாச் சொல்லுங்க, எழுதணும்" என்றார். முதலிலிருந்து மெதுவாகச் சொன்னேன். லில்லி அக்கா என்னைப் பார்க்கவில்லை, எனக்கும் கட்டிலுக்கும் நடுவிலிருந்த தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது விபத்துக்கு அப்புறம் உங்களுக்குப் புரிஞ்சதா?" என்று அதிகாரி கேட்டார். அந்தக் கேள்வியில் எனக்கு ஒரு கதவு திறந்தே இருந்தது. அவர் வேண்டுமென்றே திறந்து வைத்தாரா என்று தெரியாது.

"இல்ல சார். ஒன்பதாம் தேதி காலையிலேயே தெரியும். ஏழாம் குழாயை அடைச்சுப் பாத்தேன், தொண்ணூத்தி நாலு. தெரிஞ்சும் நாற்பத்திரண்டுன்னு எழுதினேன். இருபதாம் தேதிக் கூட்டம் முடியட்டும்னு நினைச்சேன்."

நான் நாட்குறிப்பில்கூட இப்படி எழுதவில்லை.

பிறகு கஸ்பார் அண்ணன் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"பத்தாம் தேதி டீக்கடையில பக்கத்துல ஒக்காந்திருந்தோமே. அப்பவும் தெரியுமா?"

"தெரியும்ணே."

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதிகாரி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இதையும் எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். எழுதச் சொன்னேன்.